மூச்சுக்காரரின் மனைவி சொன்ன இரண்டு சாட்சிகள்

அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மருத்துவமனையில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் மூச்சுக்காரர். எக்ஸ்ரே அறையில் காலையிலிருந்து மாலைவரை அவர் பேசுவதே அவ்வளவுதான்: "நேரா நில்லுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. விடுங்க." ஒரு நாள் அவர் "விடுங்க" சொல்ல மறந்துவிட்டு உள்ளே போய்விட, ஒரு லாரி டிரைவர் முகம் கன்றிச் சிவக்கும்வரை அப்படியே நின்றாராம். உண்மையா என்று கேட்டால் சிரிப்பாரே தவிர, இல்லை என்று சொல்ல மாட்டார்.

தொழிலில் ஆள் கறார். சங்கிலியைக் கழற்று, ஊக்கை எடு, சட்டைப் பையில் என்ன இருக்கிறது பார், சடையைத் தூக்கி உச்சியில் கட்டு, தோளை முன்னால் தள்ளு என்று ஒவ்வொருவரையும் படுத்தி எடுத்துவிடுவார். படம் சரியாக வராவிட்டால் நோயாளியைவிட அவருக்குத்தான் அன்று ஜுரம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர்தான். ஆனால் யாராவது எழுந்து அற்புதம் நடந்தது என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தால் இருக்கையில் லேசாக நெளிவார். நம்பாமல் இல்லை. அவருடைய ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது. முப்பது வருடமாக மனிதர்களின் நெஞ்சுக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலாளி நெஞ்சு, மூட்டை தூக்குகிறவர் நெஞ்சு, நேற்று பிறந்ததின் நெஞ்சு, எல்லாவற்றிலும் அதே வளைவில் விலா எலும்பு, அதே சாய்வில் இதயம். "எலும்புல நிக்குற கதிர் காத்துல ஓடுது. ஒரு நாளாவது மாறி நடந்திருக்கா? இதைவிட என்ன அற்புதம் வேணும்? ஆண்டவர் தினம் ஒரு சட்டம் போட்டாருன்னா நான் கடையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்பார். போதகருக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். அவர் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, அப்புறம் மனம் மாறி வேதாகமப் படிப்புக்குப் போனவர். மூச்சுக்காரரைவிடப் பத்து வயது சின்னவர். அவர் இவரை "அண்ணே" என்பார், இவர் அவரை "ஐயா" என்பார். கேட்கிறவர்களுக்கு யார் பெரியவர் என்று குழம்பும்.

மூச்சுக்காரரின் மனைவி ஒரு மழலையர் பள்ளியில் ஆயா. அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, கால் கழுவி, தூங்கவைத்து அனுப்புகிற வேலை. அவளுக்கென்று ஒரு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. சபை முழுக்க முழங்காலில் நின்று ஜெபித்தது, இருந்தும் போய்விட்டது. இருபது வருடத்துக்கு முந்தின கதை அது. அதன்பின் அவள் சபைக்கு வருவதை நிறுத்தவில்லை, ஆனால் முன்வரிசையை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். வீட்டில் ஜெபம் செய்தால் மனப்பாடமாக இருப்பதைச் சொல்லி ஆமென் போட்டு எழுந்துவிடுவாள். குழந்தையைப் பற்றிக் கணவனிடமும் பேசியதில்லை. கடவுளிடமும் பேசியதில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்டால் உடைந்துவிடுவாளோ என்று அவரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டே குடித்தனம் நடத்தினார்கள்.

அவளுக்கு இருமல் வந்தது. முதலில் சாதாரண இருமல், பிறகு போகாத இருமல். சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளியில் விடுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். "ஒரு படம் எடுத்துடலாம் வா" என்று ஒரு காலை அவர் அவளை மருத்துவமனைக்கு அழைத்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு கிளம்பி வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு குளிரா வெச்சிருக்கீங்க? வர்றவங்க பாவம்" என்றாள்.

"மெஷினுக்குச் சூடு ஆகாது."

"மெஷினுக்கு இருக்கிற மரியாதை!"

சிரித்தார். ஆனால் ஆயிரக்கணக்கான பேரை நிறுத்திய பலகைக்கு முன்னால் இவளை நிறுத்தியபோது அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவளைத் தொட்டுத் தோளைச் சரிசெய்யக்கூட ஒரு மாதிரி இருந்தது. தொட்டால் கை நடுங்குவது அவளுக்குத் தெரிந்துவிடும். "மூச்சை இழு" என்றார். "பிடி." அறைக்கு வெளியே வந்து பொத்தானை அழுத்தினார். "விடு."

படம் கழுவி வந்தது. அவசரமாக மேல் ஓரத்தில், கழுத்துப் பக்கமாக எண் சீட்டை ஒட்டி, வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வலது நெஞ்சின் மேல்பகுதியில் விரல் தடிமனில் ஒரு நிழல் இறங்கியிருந்தது.

டாக்டரம்மா நிதானமானவர், எதையும் உடனே சொல்லிவிட மாட்டார். சளியைப் பரிசோதித்தார்கள்; அதில் ஒன்றும் இல்லை. "காசநோயாவும் இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். இருமலுக்கு மருந்து தர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். வேற ஏதாவது என்றால் என்ன என்று மூச்சுக்காரர் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நிழல்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் ஆள் ஓயவில்லை. போதகர் தினமும் வந்தார். சபையில் முறைவைத்து உபவாசம் இருந்தார்கள். வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார் ஒரு நாள் வந்தாள். வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் ஊறவைத்திருந்த துணியெல்லாம் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போனாள். தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் தையல்காரி மட்டும் வாசல்வரைதான் வருவாள். அவளுக்கு நிஜமாகவே காசநோய். இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். மூச்சுக்காரர்தான் அவளுக்கும் படம் எடுத்தவர். "நான் உள்ள வந்தா உங்களுக்கு இருக்கிறதோட என்னோடதும் சேந்துக்கும்" என்று சொல்லி, படியில் உட்கார்ந்தபடியே ஜெபம் செய்துவிட்டுப் போவாள். அவளும் அவர் மனைவியும் சன்னல் வழியாகவே பேசிப்பேசிச் சிநேகிதிகள் ஆனார்கள்.

இரண்டு வாரம் முடிந்தது. இருமலும் அடங்கியிருந்தது. இந்த முறை படம் எடுக்க அவருக்குத் தெம்பு இல்லை. கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அந்தப் பெண் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள். "சார், சுத்தமா இருக்கு சார்!"

சுத்தமாக இருந்தது. நிழலின் சுவடே இல்லை. டாக்டரம்மா இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏதோ கிருமியா இருந்திருக்கும், மருந்துல போயிருக்கும்" என்றார். ஆனால் சொல்லும்போதே புருவம் சுருங்கியது. அவ்வளவு பெரிய நிழல் இவ்வளவு சுவடில்லாமல் போகுமா என்று அவருக்கும் சந்தேகம். சந்தோஷத்தில் இருந்தவர்கள் புருவத்தையா கவனிப்பார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். மூச்சுக்காரர் திகைத்துப்போனார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், நேராக நடந்து முன்னால் போய் நின்றாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. இருபது வருஷமா நான் ஒரு விஷயம் நினைச்சிட்டிருந்தேன். ஆண்டவர் எல்லாரையும் பாக்குறாரு, நான் இருக்கிற பக்கம் மட்டும் பாக்கலன்னு. நெஞ்சுல இருந்த நிழலை அவர் துடைச்சு எடுத்துட்டாரு. டாக்டரம்மா படத்தை மாத்தி மாத்திப் பாத்தாங்க, ஒரு சுவடுகூட இல்ல. என்னையும் பார்த்துட்டாரு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

பெண்கள் அழுதார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை அவள் சமையலறையில் வாய்க்குள் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். அந்தச் சத்தத்தை அவர் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வினை அடுத்த வாரம் வந்தது. பழைய படங்களை அடுக்கிவைக்கும்போது மனைவியின் முதல் படம் கையில் வந்தது. மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த எண் சீட்டு பசை காய்ந்து பாதி பெயர்ந்து தொங்கியது. சரியாக ஒட்டலாம் என்று வெளிச்சத்தில் பிடித்தார். சீட்டு மறைத்திருந்த இடத்திலும் நிழல் இருந்தது. நுரையீரல் முடிந்து, தோள் எலும்பைத் தாண்டி, கழுத்துப் பக்கமாக அது ஏறிப்போயிருந்தது. நுரையீரலில் இருக்கும் நோய் நுரையீரலோடு நிற்க வேண்டும். வெளியே எட்டிப் பார்க்காது.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உற்றுப் பார்த்தால் நிழலில் மேலும் கீழுமாகப் பின்னல் தெரிந்தது. மூன்று பிரியாகப் பின்னி, நுனியில் முடிச்சுப் போட்ட சடை. ஈரச் சடை முதுகை நனைக்கிறதே என்று அவள் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறாள். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் சடையைத் தூக்கிக் கட்டு என்று விரட்டுகிறவர், தன் பெண்டாட்டி வந்து நின்றபோது பயத்தில் அதைப் பார்க்கவே இல்லை.

வெறும் இருமலைத் தவிர அவளுக்கு ஒன்றுமே இருந்ததில்லை. ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அவருக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்த நொடி, 'என்னையும் பார்த்துட்டாரு' என்று அவள் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பு கண்முன்னால் வந்தது. அதை எப்படித் திருப்பி வாங்குவது? பேசாமல் விட்டுவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு மனுஷி சந்தோஷமாக இருக்கிறாள். சபை சந்தோஷமாக இருக்கிறது. கடவுளும் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்படியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் படத்தை அடியில் வைத்து அலமாரியைப் பூட்டினார். அந்த வாரம் முழுக்க எக்ஸ்ரே அறைக்கு வந்தவர்களிடம் எரிந்து எரிந்து விழுந்தார்.

பிறகு ஒரு மாலை தையல்காரி வந்தாள். இந்த முறை படியில் நிற்கவில்லை, தைரியமாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆள் இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

"அண்ணே, நான் மாத்திரையை நிறுத்திட்டேன். உங்க சம்சாரம் சாட்சி சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"என்ன பண்ணினே?"

"அக்காவுக்கு நோயை எடுத்தவரு எனக்கு எடுக்க மாட்டாரா? அந்த மாத்திரையைப் போட்டா வாந்தி வாந்தியா வருது, கை மரத்துப்போகுது, ஊசியில நூல் கோக்க முடியல. ஒரு பக்கம் அவரை நம்புறேன்னு சொல்லிட்டு இன்னொரு பக்கம் மாத்திரையை முழுங்கினா அது என்ன நம்பிக்கை?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலும் கவலை. "இல்லம்மா, டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தாள். "நீங்க டாக்டரம்மாவைக் கேட்டா உங்களுக்கு நடந்துச்சு?" என்றாள் தையல்காரி.

மூச்சுக்காரர் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பாதியில் நிறுத்தினால் நோய் முறுக்கிக்கொண்டு திரும்ப வரும், அப்புறம் அந்த மாத்திரைக்கு அடங்காது என்றார். தையல்காரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "உங்க வீட்டுலயே நடந்திருக்கு, நீங்களே நம்பலைன்னா எப்படிண்ணே?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போகும்போது இருமினாள். தெருவில் தூரம் வரைக்கும் அந்த இருமல் கேட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் அவர் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார். இரண்டு படத்தையும் உறையில் எடுத்துப்போனார். போதகர் அவற்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

"பின்னல்!" என்றார். "அண்ணே, நான் மூணு கூட்டத்துல இந்தச் சாட்சியைச் சொல்லிட்டேன். வெளி சபையிலயும் சொன்னேன். பௌதிகம் படிச்சவன் வேற. படத்தைக்கூடப் பாக்காமலே சொல்லிட்டேன்."

"எடுத்தது நான் ஐயா. முதல் தப்பு என்னோடது."

"சொல்லாம விட்டா என்னன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. உங்ககிட்ட மறைக்கல" என்றார் போதகர்.

"எனக்கு ஒரு வாரமா தோணுச்சு."

போதகர் படங்களை மடியில் வைத்துக்கொண்டார். "வேதத்துல பத்துக் குஷ்டரோகிகள் சுகம் கேட்டு ஆண்டவர்கிட்ட வந்தாங்கல்ல. அவங்களை என்ன சொல்லி அனுப்பினாரு? கோயில் ஆசாரியர்கிட்டப் போய் உடம்பைக் காட்டுங்கன்னாரு. அந்தக் காலத்துல சுகமாச்சா இல்லையான்னு பார்த்துச் சொல்ற வேலை அவங்களோடது. நம்ம டாக்டரம்மா மாதிரின்னு வெச்சுக்கங்க. சோதிச்சுப் பாக்குறதுக்கு அவர் பயப்படல. பயப்படறது நாமதான். நுரையீரலைப் படைச்சதும் அவர்தான், அந்த மாத்திரையைக் கண்டுபிடிச்சவனுக்கு மூளையைக் குடுத்ததும் அவர்தான். அவரைக் காப்பாத்த நாம பொய் சொல்லணுமா?"

"அதெல்லாம் சரி ஐயா. நான் அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"நான் கூட வரட்டுமா?" என்று கேட்டார் போதகர். வேண்டாம் என்றார் மூச்சுக்காரர்.

வீட்டில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சின்னச் சின்னத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கத் தெரியாதவர், அன்றைக்கு ஊரைச் சுற்றி வளைத்தார். சீட்டு, பசை, கழுத்து என்று எங்கெங்கோ போய்க் கடைசியில் சொல்லி முடித்தார். படத்தைக் கையில் கொடுத்தார். அவள் அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது என் சடையா?"

"ஆமா."

"கட்டிக்கிட்டதுல இருந்து தினமும் பாக்குற சடை. உங்களுக்குத் தெரியலியா?"

"பயத்துல கண்ணு தெரியல."

அவள் படத்தைக் கீழே வைத்தாள். துண்டுகளை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்து மடித்தாள். அவருக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அப்போ அவர் பாக்கல" என்றாள்.

"அப்படிச் சொல்லாத."

"எப்படிச் சொல்றது? எனக்கு நோயே இல்லைன்னா அவர் எதை எடுத்தாரு?" குரல் உடைந்தது. "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை எனக்குன்னு ஒண்ணு நடந்துச்சுன்னு இருந்தேன். அதையும் ஒரு படத்தைக் காட்டி இல்லைன்னு ஆக்கிட்டீங்க."

அவள் அழுதாள். முந்தானை நனையும்வரை அழுதாள். இருபது வருடத்துக்கு முன்னால்கூட அவள் அப்படி அழுது அவர் பார்க்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு, எதை நினைத்துக்கொண்டாளோ, திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "சடைக்காக சபையே பட்டினி கிடந்திருக்கு" என்றாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள்.

பிறகு அவளே கேட்டாள். "தையல்காரி இருக்காளே. அவ நெஞ்சுல இருக்கிறது?"

"அது நிஜம். நான் நல்லாப் பார்த்துட்டேன்."

"அவ மாத்திரையை நிறுத்தினது என்னாலதானே?"

"என்னால. நான்தான் ஒழுங்கா எடுக்கல."

"நீங்க எடுத்தீங்க. எழுந்து நின்னு பேசினது நான்." அவள் துண்டுகளை ஓரமாக நகர்த்தினாள். "ஞாயித்துக்கிழமை நானே சொல்லிடுறேன்."

"ஐயா சொல்லட்டும்மா. உனக்கு எதுக்குக் கஷ்டம்?"

"அவர் வாயில இருந்து வந்தா அவ நம்ப மாட்டா. என் வாயில இருந்துதானே கேட்டா!"

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி முன்னால் போய் நின்றபோது, இன்னொரு அற்புதம் போலிருக்கிறது என்று சிலர் முன்கூட்டியே கண்ணைத் துடைக்கத் தயாரானார்கள். மூச்சுக்காரர் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பத்து எக்ஸ்ரே எடுத்த களைப்பு உட்கார்ந்த இடத்திலேயே வந்துவிட்டது.

"முன்னாடி இதே இடத்துல நின்னு நான் ஒண்ணு சொன்னேன். அது தப்பு. எனக்கு நோயே இருந்ததில்ல. படத்துல விழுந்தது என் சடை. சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க. நானும் சிரிச்சேன், அழுது முடிச்சப்புறம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் எங்கோ சிணுங்கியது.

"நீங்க வந்தீங்க, எனக்காகப் பட்டினி கிடந்தீங்க, என் நாத்தனார் என் துணியைத் துவைச்சுப் போட்டா. அதெல்லாம் நடந்தது. அதுல அவர் இருந்தாருன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா நெஞ்சுல இருந்து எதையோ எடுத்தாருன்னு சொன்னேன் பாருங்க, அது நடக்கல. நடக்காததை அவர் பேர்ல சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல. நான் சொன்னதைக் கேட்டு ஒருத்தி மருந்தை விட்டுட்டா." அவள் கண் கூட்டத்தில் தேடியது. "உனக்கு இருக்கிறது சடை இல்லம்மா. மருந்தை விடாத."

தையல்காரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் அவள் கடைக்குப் போனார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது. மெஷினில் ஒரு பள்ளிச் சீருடை பாதித் தையலோடு நின்றது. தரையெல்லாம் நீலத் துணித் துண்டுகள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். மனைவி சன்னலைத் திறந்துவிட்டு, துணிகளை ஒதுக்கி அவளெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"மாத்திரை எங்கே?"

"நான் சந்தோஷமா இருந்தேன் அக்கா. இத்தனை நாளும் பயமே இல்லாம இருந்தேன். அதைப் புடுங்கிட்டீங்க." அவளுக்கு மூச்சிரைத்தது. "அப்போ எனக்குன்னு ஒண்ணுமே இல்லையா? சாட்சியும் போச்சு, மாத்திரைதான் மிச்சமா?"

"ஆமா. இன்னிக்கு மாத்திரைதான் மிச்சம்."

அவர் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டார். இதமாக ஏதாவது சொல்லேன் என்று இருந்தது. அவள் சொல்லவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து, நூல் கண்டுகளுக்குப் பின்னால் கிடந்த மாத்திரைப் பட்டையை எடுத்தாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு தையல்காரியைக் கைப்பிடித்து எழுப்பி, நேராக மருத்துவமனைக்கு, அன்று முறையில் இருந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் பின்னாலேயே போனார்.

அன்றைக்குப் படம் எடுத்தது அவர்தான். தையல்காரியின் நிழல் முன்பு பார்த்ததைவிட அகலமாகியிருந்தது. டாக்டரம்மா கடிந்துகொண்டார், சளியை எடுத்துக்கொண்டார், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். வாந்திக்குத் தனி மருந்தும், கை மரத்துப்போவதற்கு இன்னொன்றும் கொடுத்தார். அவள் அதையெல்லாம் முன்பு வாய்விட்டுச் சொன்னதே இல்லையாம். "விடாம சாப்பிட்டா பிழைச்சுக்குவ. விட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சடை விஷயத்தைக் கேட்டுவிட்டு மூச்சுக்காரரின் மனைவி பக்கம் திரும்பி, "அன்னிக்கு எனக்கும் உறுத்துச்சு. நானும் சீட்டைத் தூக்கிப் பார்த்திருக்கணும்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்குப் போகிற வழியில் அவள் தையல் கடையில் நின்றாள். தண்ணீரை ஊற்றி நீட்டினாள். "ஜெபம் பண்ணிட்டு முழுங்கறியோ, முழுங்கிட்டு ஜெபம் பண்றியோ, அது உன் இஷ்டம். நான் பாக்க முழுங்கணும்." தையல்காரி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முழுங்கினாள். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க அக்கா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். அவள் உட்கார்ந்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

மூச்சுக்காரருக்கு இதெல்லாம் ஆறுதல்தான். ஆனாலும் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. மனைவி பாடுவதை நிறுத்திவிட்டாள். அவளிடம் இருந்த ஒரே ஒரு சந்தோஷத்தைத் தன் கையால் எடுத்துவிட்டோமே, இனி அவள் ஜெபத்துக்கே உட்கார மாட்டாளோ என்று பயந்தார். கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒரு காலை முகத்தில் சோப்பைத் தடவிச் சவரம் செய்துகொண்டிருந்தார். சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. தையல்காரி வந்திருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தார். அவள் மட்டும்தான் இருந்தாள். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில், கையை மடியில் வைத்து, கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். மனப்பாடம் செய்த ஜெபம் இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்கு பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் உம்ம பேர்ல தப்பாச் சொன்னதை எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துட்டேன். அது முடிஞ்சுது. இப்போ தையல்காரி விஷயம். மாத்திரை குடுக்கறது என் பொறுப்பு, ஒரு நாளும் தவற மாட்டேன். அது வயித்துல நிக்கணும். கிருமி சாகணும். அது உம்ம பொறுப்பு. நீர் போட்ட சட்டப்படியே செய்யும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா செய்யும்."

அவர் திரும்பிப் போகலாம் என்று காலை எடுத்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள். "எங்க பாப்பா. நான் உம்மகிட்ட அதைக் கேட்டதே இல்ல. கேட்டா கோவிச்சுக்குவீரோன்னு இருந்தேன். இப்போ கேக்கறேன். ஏன்?"

அவர் அப்படியே நின்றுவிட்டார். சோப்பு முகத்தில் காய்ந்து இழுத்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, ஆமென் போடவும் இல்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பேசும்வரை நான் போகமாட்டேன் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.

மூச்சுக்காரர் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் கேட்க இருந்தது அந்த ஒன்றுதான்.